‘அவ்ரேக்!’ என்று கூவினார்கள், சரி, அதற்கு என்ன அர்த்தம்?

யோசேப்பின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். அண்ணன்மார் விற்றுவிட்ட பையன் எகிப்தில் சிறையில் கிடக்கிறான். பார்வோனின் கனவுக்கு விளக்கம் சொல்லி ஒரே நாளில் நாட்டுக்கே அதிகாரியாகிவிடுகிறான். பார்வோன் அவனைத் தன் இரண்டாவது ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விடுகிறான். முன்னால் போகிறவர்கள் ஏதோ கூவிக்கொண்டு போகிறார்கள். தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் ‘தெண்டனிட்டுப் பணியுங்கள்’ என்று இருக்கிறது. எபிரேய மூலத்தில் இருப்பதோ ஒரே ஒரு சொல்: அவ்ரேக். ஆதியாகமம் 41:43. வேதாகமம் முழுக்கத் தேடினாலும் அந்தச் சொல் இன்னொரு இடத்தில் வராது.

ஆக, தெண்டனிடுவது என்பது மொழிபெயர்த்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து எடுத்த முடிவு. ஜெர்மன் மொழியில் லூதர் வேறு பக்கம் சாய்ந்தார். அவருடைய பைபிளில் ‘இவர் நாட்டின் தந்தை’ என்று கூவுகிறார்கள். மொழிபெயர்ப்பவருக்கு இந்த நிர்ப்பந்தம் எப்போதும் உண்டு, ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும். யூத உரைகாரர்களுக்கு அது இல்லை. நாலு அர்த்தத்தை வரிசையாக வைத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம். பல இடங்களில் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

அதற்காக இந்தச் சொற்களைக் கண்டுகொள்ளாமல் விட அவர்களால் முடியாது. யூதர்கள் தோரா என்று சொல்வது மோசேயின் ஐந்து ஆகமங்களை. அதை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பகுதிக்குப் பராஷா என்று பெயர். சனிக்கிழமைதோறும் ஜெபாலயத்தில் அந்த வாரத்துப் பராஷாவைச் சத்தமாக வாசிப்பார்கள். ஒரு வருஷத்தில் ஒரு சுற்று முடியும். சிம்ஹத் தோரா பண்டிகையன்று கடைசி வரியை முடித்த கையோடு ‘ஆதியிலே’ என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். அதனால் புரியாத சொல் ஒவ்வொரு வருஷமும் அதே வாரத்தில் வந்து எதிரே நிற்கும். அவ்ரேக் வருவது ‘மிகேட்ஸ்’ என்ற பராஷாவில். பெரும்பாலும் ஹனுக்கா பண்டிகை விளக்குகள் எரிகிற வாரத்தில்.

வாசிப்பது கையால் எழுதிய தோல் சுருளிலிருந்து. அதில் மெய்யெழுத்துகள் மட்டுமே உண்டு. உயிர்க்குறியும் கிடையாது, நிறுத்தக்குறியும் கிடையாது. எப்படி உச்சரிப்பது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டுக் காப்பாற்றினார்கள். பின்னால் திபேரியாவில் இருந்த மசோரா அறிஞர்கள் அதைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் ஏட்டில் குறித்து வைத்தார்கள். இப்படி உச்சரிப்பு பிழைத்துக்கொண்டது. அர்த்தம் எல்லா இடத்திலும் பிழைக்கவில்லை. தோராவில் மொத்தமே ஏறத்தாழ 80,000 சொற்கள்தான். அந்தக் காலத்து எபிரேயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மற்ற எழுத்தும் கொஞ்சமே. எபிரேய வேதாகமம் முழுவதிலும் ஒரே ஒரு முறை தலைகாட்டும் சொற்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தெரிந்த வேரிலிருந்து கிளைத்தவை, சமாளித்துவிடலாம். தனியே நிற்கிற மிச்சம் சில நூறுதான் தொல்லை.

இந்தத் தொல்லை பழசு. பழைய ரபீக்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதிலேயே இதைப் பற்றி ஓர் அருமையான இடம் வருகிறது. கி.பி. 200 வாக்கில் மிஷ்னா என்ற சட்ட நூலைத் தொகுத்தவர் ரபீ யெகூதா ஹநாசி. ஏசாயா 14:23இல் வரும் ‘மத்தாதே’ என்ற சொல் அறிஞர்களுக்குப் புரியவில்லை. அவர் வீட்டு வேலைக்காரி இன்னொரு பெண்ணிடம், அந்த ‘தாதிதா’வை எடுத்து வீட்டைக் கூட்டு என்று சொன்னது காதில் விழுந்தது. துடைப்பம்! அறிஞர்கள் தேடிக்கொண்டிருந்த சொல் அடுப்பங்கரையில் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அதே இடத்தில் இன்னொரு சம்பவம். 55ஆம் சங்கீதத்தில் ‘யெகாவ்கா’ என்று ஒரு சொல். ரப்பா பார் பார் ஹனா என்ற அறிஞர் ஓர் அரபு வியாபாரியோடு வழி நடந்தார். கையில் சுமை. வியாபாரி, உன் ‘யஹாவ்’வைத் தூக்கி என் ஒட்டகத்தின்மேல் போடு என்றான். ஓகோ, யஹாவ் என்றால் சுமை! தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் சுவரிலும் நாட்காட்டியிலும் பார்க்கிற ‘கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு’ என்ற வசனம் இதுதான். அந்தப் ‘பாரம்’ என்ற சொல்லுக்கு ஒட்டகக்காரன் ஒருவன் சாட்சி சொல்லியிருக்கிறான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பக்கத்து மொழியைக் கேள், வேலைக்காரியைக் கேள், வழிப்போக்கனைக் கேள். பின்னால் வந்த உரைகாரர்களும் இதே வழியில்தான் போனார்கள். எகிப்தின் ஃபயூமில் 882இல் பிறந்து பாபிலோனியாவின் சூரா கல்விச்சாலைக்குத் தலைவரான சாதியா காவோன், இப்படித் தனித்து நிற்கும் சொற்களை மிஷ்னாவின் எபிரேயத்தைக் கொண்டு விளக்கவே அரபியில் ஒரு சிறு நூல் எழுதினார். அவருக்கு அதில் ஒரு வாதமும் இருந்தது. எழுதப்பட்ட வேதம் மட்டும் போதும், ரபீக்களின் மரபு வேண்டாம் என்று சொன்ன காராயர்களிடம், மரபு இல்லாமல் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்பது போன்ற நூல் அது.

சரி, அவ்ரேக்குக்கு வருவோம்.

அரமேய மொழிபெயர்ப்பாளர் ஓன்கெலோஸ் சொல்லை இரண்டாக உடைத்தார். அவ் என்றால் தகப்பன். மீதியை ராஜா என்று கொண்டு ‘இவர் ராஜாவுக்குத் தகப்பன்’ என்று பெயர்த்தார். பிரான்சின் திருவா ஊரில் வாழ்ந்த ராஷி (1040–1105), இன்றும் யூதப் பிள்ளைகள் தோராவோடு சேர்த்தே படிக்கிற உரையை எழுதியவர், இதை முதலில் எடுத்து வைக்கிறார். ‘ரேக்’ என்றால் அரமேயத்தில் ராஜா என்று தல்மூதிலிருந்து ஆதாரமும் தருகிறார். அந்த ஆதாரம் ஏரோதைப் பற்றியது: அவன் ‘ரேக்கா’வும் இல்லை, ‘ரேக்கா’வின் மகனும் இல்லை என்று ரோமிலிருந்து வந்த பதில். ராஷி அரமேயம் என்றாலும் நமக்கு லத்தீன் ‘ரெக்ஸ்’தான் ஞாபகம் வரும். பார்வோன் அரண்மனையில் லத்தீனா என்று கேட்கக்கூடாது.

அடுத்து ராஷி ஒரு மித்ராஷ் விளக்கத்தை, அதாவது வசனத்தை விரித்துப் பொருள் சொல்லும் ரபீக்களின் பழைய மரபிலிருந்து ஒன்றை, தருகிறார். ரபீ யெகூதா என்ற வேறோர் அறிஞர் சொன்னது: அவ், ஞானத்தில் தகப்பன், ரக், வயதில் இளசு. முப்பது வயதுப் பையன் நாடாள வந்திருக்கிறானே, அதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஷி அதோடு விடவில்லை. அந்த விளக்கத்தைக் கேட்ட பென் துர்மஸ்கித் என்ற இன்னோர் அறிஞர் கொதித்துப்போய், எத்தனை நாள்தான் வேதத்தை எங்களுக்கு இப்படிக் கோணலாக்கிக் காட்டுவீர், அவ்ரேக் என்பது ‘பிர்க்காயிம்’, முழங்கால் என்ற சொல்லிலிருந்து வந்தது, அவ்வளவுதான் என்று சொன்னதையும் அப்படியே எழுதி வைக்கிறார். தாம் இப்போதுதான் மேற்கோள் காட்டிய விளக்கத்தைத் திட்டுகிறவரின் வார்த்தைகளை அடுத்த வரியிலேயே போடுகிறார். யார் சரி என்று அவர் சொல்லவில்லை.

இலக்கணம் பார்க்கிற உரைகாரர்கள் முழங்கால் பக்கம் போனார்கள். ஏவல் வினை என்றால் ‘ஹே’ என்ற எழுத்தில் தொடங்க வேண்டும், இங்கே ‘அலெப்’ இருக்கிறது, பரவாயில்லை, இரண்டும் இடம் மாறுவதுண்டு என்று சமாதானம் சொன்னார்கள். தமிழ் வேதாகமத்தின் தெண்டனும் இந்த வழியில் வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் எகிப்திய எழுத்தும் ஆப்பு வடிவ எழுத்தும் படிக்க முடிந்ததும் புதிதாக ஆட்கள் வந்தார்கள். எகிப்திய மொழியில் ‘மனதை இங்கே வை’ என்பது போன்ற தொடர் என்றார்கள் சிலர். அக்காடிய மொழியில் ‘அபரக்கு’ என்றால் அரண்மனை மேலாளர், அதுதான் இது என்றார்கள் வேறு சிலர். எதுவும் முடிவாகவில்லை.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். இன்றைய இஸ்ரேலில் ‘அவ்ரேக்’ என்பது அன்றாடச் சொல். கல்யாணமாகி, சம்பள வேலைக்குப் போகாமல், கோலெல் என்ற கல்விச்சாலையில் முழுநேரமும் தல்மூத் படிக்கிற இளைஞனுக்கு அதுதான் பெயர். உதவித்தொகை, ராணுவ சேவை என்று அவ்ரேக்குகளைப் பற்றிச் செய்தி வராத வாரம் குறைவு. ஞானத்தில் தகப்பன், வயதில் இளசு: பென் துர்மஸ்கித் கோணல் என்று திட்டிய அதே விளக்கம்தான் பிழைத்து, வாடகை கொடுத்துக்கொண்டு, குழந்தைகளோடு எருசலேமில் குடியிருக்கிறது.

இரண்டு வசனம் தள்ளி இன்னொரு புதிர். பார்வோன் யோசேப்புக்கு வைத்த பெயர்: தமிழ் வேதாகமத்தில் சாப்நாத்பன்னேயா, எபிரேயத்தில் ட்ஸாஃப்னத் பஅனேயஹ். மறைந்ததை விளக்குகிறவன் என்று ராஷி பொருள் சொல்லிவிட்டு, இரண்டாவது சொல்லுக்கு வேதத்தில் துணை இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஸ்பெயினில் துதேலா ஊரில் பிறந்த உரைகாரர் இப்ன் எஸ்ரா இன்னும் கறார். இது எகிப்தியச் சொல் என்றால் இதன் அர்த்தம் நமக்குத் தெரியாது. எகிப்தியப் பெயரின் எபிரேய மொழிபெயர்ப்பு என்றால் யோசேப்பின் அசல் பெயர் நமக்குத் தெரியாது. முடிந்தது விளக்கம். 1889இல் ஸ்டைன்டார்ஃப் என்ற ஜெர்மன் எகிப்தியலாளர் ‘கடவுள் பேசினார், அவன் வாழ்கிறான்’ என்று ஒரு வாசிப்பை முன்வைத்தார். அதற்கும் மறுப்புகள் உண்டு. இதற்கிடையில் ராஷி சொன்ன அர்த்தம் எபிரேயத்தில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ரகசியக் குறியீட்டை உடைத்துப் படிப்பதற்கும், போலீஸ் ஒரு வழக்கில் துப்புத் துலக்குவதற்கும் இன்று ‘லெஃபஅனேயஹ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இவை பெயரும் கூவலும். அர்த்தம் எதுவானாலும் கதை ஓடும். சட்டத்தில் இப்படி ஒரு சொல் வந்தால் அப்படி விட முடியாது. ‘தோதாஃபோத்’ என்று ஒரு சொல் தோராவில் மூன்று இடத்தில் வருகிறது. இந்த வார்த்தைகள் உன் கண்களுக்கு நடுவே தோதாஃபோத்தாக இருக்கட்டும். தமிழில் ‘ஞாபகக்குறி’. நடைமுறையில் அது தெஃபிலின், அதாவது காலை ஜெபத்தில் நெற்றிக்கு மேலே வார் கொண்டு கட்டுகிற கறுப்புத் தோல் பெட்டி. தலைப் பெட்டிக்குள் நாலு அறை. ஒவ்வொன்றிலும் ஒரு தோரா பகுதி. நாலு என்ற கணக்குக்கு ரபீ அகிவா தந்த விளக்கம் தல்மூதில் இருக்கிறது: ‘கத்பி’ மொழியில் தத் என்றால் இரண்டு, ‘அஃப்ரிகி’ மொழியில் பத் என்றால் இரண்டு, கூட்டினால் நாலு. ஓர் எபிரேயச் சொல்லின் பாதி ஒரு மொழியிலிருந்தும் மீதி இன்னொரு மொழியிலிருந்தும் வந்தது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அகிவாவின் காலத்தில் பெட்டிக்கு நாலு அறை என்பது ஏற்கெனவே இருந்த வழக்கம். அவர் செய்தது அதற்குச் சொல்லில் ஓர் ஆணி தேடியது.

ராஷி அகிவாவைச் சொல்லிவிட்டு, மெனஹெம் பென் சாருக் என்ற 10ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் அகராதிக்காரரையும் பக்கத்தில் உட்கார வைக்கிறார். மெனஹெமுக்கு அது ‘பேசு’ என்ற வேர். பெட்டியைப் பார்க்கிறவர்கள் எகிப்திலிருந்து வெளியே வந்த கதையைப் பேசுவார்கள். அது ஒரு நினைவுக்குறி. ராஷிக்கு மெனஹெம் கைகொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மெனஹெம் எழுதியது எபிரேயத்தில். மூன்றெழுத்து வேர் என்ற இலக்கண உண்மையைக் கண்டுபிடித்த அடுத்த தலைமுறை ஸ்பெயின்காரர்கள் அரபியில் எழுதினார்கள். பிரான்சில் இருந்த ராஷிக்கு அது எட்டவில்லை. அந்த அறிவை மூட்டை கட்டிக்கொண்டு 1140 வாக்கில் கிறிஸ்தவ ஐரோப்பாவுக்குள் ஊர் ஊராக வந்தவர் இப்ன் எஸ்ரா. ராஷியின் நூல்களில் நேர்ப்பொருள் ஆயிரத்தில் ஒன்றுதான் என்று எழுதுகிற துணிச்சல் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

ராஷியின் பேரன் ரஷ்பாம் இன்னும் ஒரு படி போனார். சொல்லின் ஆழமான நேர்ப்பொருளைப் பார்த்தால் இது உருவகம் என்றார். ‘என்னை உன் இதயத்தின்மேல் முத்திரையாக வை’ என்ற உன்னதப்பாட்டு வரி போல, எப்போதும் கையில் எழுதியிருப்பது போல நினைவில் வை என்று அர்த்தம். இதைச் சொன்னவர் சட்டத்தை விட்டவர் இல்லை. தோல் பெட்டி கட்டுவது சட்டம், உருவகம் வசனத்தின் பொருள், இரண்டும் தனித்தனித் தண்டவாளம் என்பது அவர் கணக்கு. இப்ன் எஸ்ராவுக்கு இது பொறுக்கவில்லை. நீதிமொழிகள் நூலில் அப்படி வந்தால் உருவகம் எனலாம், அதன் பெயரிலேயே மொழி என்று இருக்கிறது. தோராவில் இருப்பதை அப்படிச் சொல்ல முடியாது என்று எழுதினார். ராஷியைக் கிண்டல் செய்த அதே மனிதர்! ராஷி என்ன நினைத்திருப்பார்? பேரன் ஒரு தடயம் விட்டிருக்கிறார். தாத்தாவோடு நேருக்கு நேர் வாதாடியபோது, நேரம் மட்டும் இருந்தால் நாள்தோறும் புதிது புதிதாகக் கிளம்புகிற நேர்ப்பொருள்களை வைத்து வேறு உரைகள் எழுதவேண்டியிருக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டாராம். ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்து உரையில் இது இருக்கிறது.

புரியாத சொல் சாப்பாட்டுத் தட்டுக்கும் வரும். லேவியராகமம் 11இல் தின்னக் கூடாத பறவைகளின் பட்டியல். பட்டியலில் இல்லாததைத் தின்னலாம்; ஆனால் பட்டியலில் இருப்பது எது என்று தெரிந்தால்தானே! ராஷி இங்கே தம் ஊர்ப் பேச்சைத் துணைக்கு அழைக்கிறார். ‘அனாஃபா’ என்பது எங்கள் ஊரில் ஹெரோன் என்கிறார்களே, அந்தக் கொக்கினமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது என்கிறார். ‘தூகிஃபத்’ கொண்டலாத்தி. இப்படி வேதத்துக்கும் தல்மூதுக்கும் அவர் எபிரேய எழுத்தில் எழுதி வைத்த பழைய பிரெஞ்சுச் சொற்கள் சில ஆயிரம். 11ஆம் நூற்றாண்டு பிரெஞ்சை ஆராய்கிறவர்களுக்கு அது ஒரு புதையல். அவருடைய கொண்டலாத்தி இன்று இஸ்ரேலின் தேசியப் பறவை, 2008இல் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதை வைத்துச் சமைக்க முடியாது. அதனால் எந்தப் பறவையைத் தின்றார்கள் என்ற வழிவழி மரபு இருக்கிறதோ அதை மட்டும் தின்பது என்ற வழக்கம் வலுத்தது. வெட்டுக்கிளியும் அப்படியே. நாலு வகை வெட்டுக்கிளியைத் தின்னலாம் என்று தோராவே பெயர் சொல்கிறது. ராஷியோ, இவை எங்கள் பக்கமும் நிறைய உண்டு, எங்களுக்கு அவற்றைப் பிரித்தறியத் தெரியாது என்று எழுதிவிட்டார். ஐரோப்பாவில் வெட்டுக்கிளி அதோடு சரி. யேமன் யூதர்கள் எது எது என்று தலைமுறையாகக் கையில் பிடித்துக் காட்டி வந்ததால் அவர்கள் தின்றார்கள். (வான்கோழியைக் கேட்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பறவை, மோசேக்கும் தெரியாது ராஷிக்கும் தெரியாது, எபிரேயத்தில் அதற்குப் பெயர் ‘இந்தியக் கோழி’. இஸ்ரேலில் தாராளமாகத் தின்கிறார்கள்.)

ஆசரிப்புக் கூடாரம் என்ற மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரத்தின்மேல் விரித்த ‘தஹஷ்’ தோலை மட்டும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கைவைக்காமல் ‘தகசுத்தோல்’ என்றே விட்டுவிட்டார்கள். நேர்மையான காரியம். லூதர் ஒலியைப் பார்த்து ‘டாக்ஸ்’ என்ற வளைக்கரடி ஆக்கினார். தல்மூதோ, பல வண்ணமும் நெற்றியில் ஒற்றைக் கொம்பும் கொண்ட ஒரு பிராணி, மோசேக்காக அந்த நேரத்தில் மட்டும் தோன்றிப் பிறகு மறைந்துபோனது என்கிறது. சொல்லுக்குரிய விலங்கைக் காணவில்லை என்றால், விலங்கே மறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் வேலை தீர்ந்தது.

கடைசியாக, எல்லாவற்றிலும் இருட்டான சொல். லேவியராகமம் 16: பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடா, இரண்டு சீட்டு. ஒன்று கர்த்தருக்கு. மற்றது ‘அசாசேலுக்கு’. பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் இதை அனுப்பிவிடுவது என்ற பொருளில் எடுத்தன. எஸ் என்றால் ஆடு, அசல் என்றால் போனது. தமிழின் ‘போக்காடு’ அதே உடைப்புதான், போக்கு, ஆடு. அழகாகவே பொருந்தியிருக்கிறது. ராஷிக்கு இது ஓர் இடம்: கரடுமுரடான, உயர்ந்த செங்குத்துப் பாறை. மிஷ்னா சொல்வதும் இதற்குப் பொருந்தும். ஆலயம் இருந்த காலத்தில் ஆட்டை வனாந்தரத்துப் பாறை உச்சிக்குக் கொண்டுபோய்ப் பின்னோக்கித் தள்ளினார்கள். பாதி மலை உருள்வதற்குள் அது துண்டு துண்டாகிவிடும்.

இப்ன் எஸ்ரா இங்கே திடீரென்று குரலைத் தாழ்த்துகிறார். இந்தச் சொல்லில் ஒரு ரகசியம் இருக்கிறது, அதில் கொஞ்சம் குறிப்பாகச் சொல்கிறேன், உனக்கு முப்பத்துமூன்று ஆகும்போது தெரிந்துகொள்வாய் என்கிறார். அவ்வளவுதான். படிக்கிறவன் தன் வயதை எண்ணிப் பார்ப்பான். நூறு வருஷம் கழித்து வந்த உரைகாரர் ராம்பான், ஸ்பெயினின் கெரோனா ஊர்க்காரர் (1194–1270), போட்டு உடைத்தார். நம்பகமானவன் ரகசியத்தை மூடிவைப்பான், கோள்காரன் வெளியிடுவான் என்று நீதிமொழிகளில் ஒரு வசனம் உண்டு. அதை வைத்தே, ஆபிரகாம் இப்ன் எஸ்ரா நம்பகமானவர், நான் கோள்காரன், சொல்லிவிடுகிறேன் என்று தொடங்குகிறார். வயது இல்லை, வசனம். அசாசேல் வருவது 16:8. அங்கிருந்து முப்பத்துமூன்று வசனம் எண்ணினால் 17:7. அங்கே, இனி ஆட்டுருவப் பேய்களுக்குப் பலியிடக் கூடாது என்று இருக்கிறது. அதாவது அசாசேல் பாலைவனத்துப் பேய்களில் ஒன்று. எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

அப்படியானால் தோராவே பேய்க்கு ஆடு கொடுக்கச் சொல்கிறதா? ராம்பான் அதற்கும் தயாராக இருக்கிறார். ஒருவன் எஜமானுக்கு விருந்து வைக்கிறான். எஜமான், என் வேலையாளுக்கும் ஒரு பங்கு கொடு என்கிறார். கொடுக்கிறவன் வேலையாளைக் கும்பிட்டுக் கொடுக்கவில்லை, எஜமான் சொன்னதால் கொடுக்கிறான். இந்த விளக்கத்தைப் படிக்கும்போது, இப்ன் எஸ்ரா ஏன் குரலைத் தாழ்த்தினார் என்பது எனக்குப் புரிகிறது.

இந்த அதிகாரத்தை யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாள் காலையில், நோன்பிருக்கிற கூட்டத்துக்கு நடுவே வாசிக்கிறார்கள். மற்ற நாட்களில் அந்தச் சொல்லைத் தெருவில் கேட்கலாம். டெல் அவிவில் குறுக்கே வண்டியை விட்டவனைப் பார்த்து ‘லெக் லா-அசாசேல்!’ என்று கத்துவார்கள். தொலைந்து போ, நாசமாய்ப் போ என்கிற மாதிரி. அசாசேலுக்குப் போ. அது ராஷியின் பாறையா ராம்பானின் பேயா என்று கத்துகிறவரும் யோசிப்பதில்லை, வண்டிக்காரனும் கேட்பதில்லை.